"அவர் கிருபை என்றுமுள்ளது": ஒரே வரியை ஏன் 26 தடவை சொல்கிறோம்?

போன டிசம்பர் 31 ராத்திரி எங்கள் சபை ஆராதனைக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணன் வந்திருந்தார். சர்ச்சுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. மணி பன்னிரண்டை நெருங்கும்போது எங்கள் வழக்கப்படி, பைபிளில் இருக்கிற துதிப்பாட்டுகளில் ஒன்றான 136ஆம் சங்கீதத்தை எடுத்தோம். போதகர் ஒரு அடி வாசிப்பார், சபை அடுத்த அடியைச் சொல்லும். சபை சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: "அவர் கிருபை என்றுமுள்ளது." மொத்தம் 26 வசனம், 26 தடவையும் அதே வரி. நாலைந்து தடவைக்கு அப்புறம் அண்ணனும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார், பக்கத்திலிருந்தவர் நீட்டின பைபிளை அவர் பார்க்கவே இல்லை. ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் என்னிடம் கேட்டார்: "தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே வரிய எதுக்கு இத்தன தடவ சொல்றீங்க? சாமிக்கு ஒரு தடவ சொன்னா கேக்காதா?"

டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவருக்கும், அவரைப் போல இந்த வரியை முதல் தடவை கேட்கிற யாருக்கும்.

முதலில் கிருபை என்ற சொல். சர்ச்சில் இதை நாங்கள் அடிக்கடி சொல்லிச் சொல்லி, சில நேரம் அர்த்தம் யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிறது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால நல்லாருக்கேன்" என்போம். இந்தச் சங்கீதம் எழுதப்பட்ட எபிரெய மொழியில் இந்த இடத்தில் இருக்கிற சொல் ஹெசெத். பைபிளின் முதல் பகுதியான பழைய ஏற்பாட்டில் சுமார் 250 தடவை வருகிறது, அதில் ஏறக்குறைய பாதி சங்கீதப் புத்தகத்தில்தான். இதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைப் பிடிப்பது கஷ்டம். நாங்கள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு கிருபை, தயை, தயவு, காருணியம் என்று இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறது. குழந்தை இயேசு பேராலயத்தில் திருப்பலிக்குப் போகிற கத்தோலிக்க நண்பர்கள் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் இதே வரி "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று இருக்கும். இரண்டும் சரிதான். ஆனால் ஹெசெத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறது, கொடுத்த வாக்கு. ஒருவரோடு ஓர் உறவுக்குள் வந்துவிட்டேன், இனி அந்த உறவை நான் விடமாட்டேன், நீ எப்படி நடந்துகொண்டாலும் என் பக்கத்தில் அது முறியாது என்கிற அன்பு. பாவப்பட்டுச் செய்கிற உதவி அன்றைக்கு மனசு இளகியதால் செய்தது, நாளைக்கு இளகாமலும் போகலாம். ஹெசெத் அப்படி இல்லை.

இதைக் காட்ட எனக்குப் பிடித்த கதை மேவிபோசேத்தின் கதை. சாமுவேல் இரண்டாம் புத்தகம் 9ஆம் அதிகாரம், மொத்தமே 13 வசனம், பத்து நிமிஷத்தில் வாசித்துவிடலாம். தாவீது ராஜாவாகிவிட்டான். அவனைக் கொல்லத் தேடின சவுலின் குடும்பம் அழிந்துபோயிற்று. அந்தக் காலத்தில் புது ராஜா வந்தால் பழைய ராஜாவின் வாரிசுகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கமாட்டான். தாவீதோ, சவுலின் வீட்டாரில் யாராவது மீதியிருக்கிறார்களா, யோனத்தானுக்காக நான் அவனுக்குத் தயவு செய்யவேண்டும் என்று தேடுகிறான். அங்கே தயவு என்று வருவதும் இதே ஹெசெத்தான். யோனத்தான் சவுலின் மகன், தாவீதின் உயிர் நண்பன், செத்துப்போனவன். அவனுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் சாகவில்லை. யோனத்தானின் மகன் மேவிபோசேத் ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்து இரண்டு காலும் முடமானவன், லோதேபார் என்கிற ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கிறான். அவனைக் கூட்டிவந்தபோது பயத்தில் முகங்குப்புற விழுந்து, செத்த நாயைப் போலிருக்கிற என்னையா நீர் நோக்கிப் பார்க்கிறீர் என்று கேட்கிறான். தாவீது அவனுக்குத் தாத்தாவின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தினமும் தன் பந்தியில் உட்காரவைக்கிறான். அதிகாரத்தின் கடைசி வரி, அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்று திரும்பவும் சொல்லி முடிகிறது. ராஜாவின் பந்தியில் உட்கார்ந்ததால் கால் சரியாகிவிடவில்லை. முடமான காலோடுதான் தினமும் சாப்பிட்டான். கிருபை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

இரக்கமும் கிருபையும் ஒன்றா என்று ஒரு கேள்வி வரும். வாலிபர் கூட்டங்களில் ஒரு விளக்கம் சொல்வார்கள்: வரவேண்டிய தண்டனை வராமல் போனால் இரக்கம், தகுதி இல்லாத நன்மை கையில் வந்தால் கிருபை. மனதில் வைத்துக்கொள்ள நல்ல விளக்கம், தப்பில்லை. ஆனால் வேதம் இரண்டையும் அவ்வளவு கறாராகப் பிரித்து வைப்பதில்லை என்றே எனக்குப் படுகிறது, பல இடங்களில் சேர்த்தேதான் சொல்கிறது. இரக்கங்கள் என்பதற்கு எபிரெயத்தில் வருகிற சொல் ரக்கமீம், அது கருப்பையைக் குறிக்கிற ரெகெம் என்ற சொல்லோடு சேர்ந்தது. பெற்ற வயிறு துடிக்கும் என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கி, மோசே கற்பலகைகளை உடைத்துப்போட்ட பிறகு, தேவன் தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார்: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." யாத்திராகமம் 34ஆம் அதிகாரம். ஜனங்கள் ஒழுங்காக இருந்த நாளில் சொன்னதல்ல, உடன்படிக்கையை உடைத்த கையோடு இருந்தபோது சொன்னது.

கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கிருபை முழுசாகத் தெரிவது சிலுவையில். பவுல் எபேசியருக்கு எழுதும்போது தேவனை இரக்கத்தில் ஐசுவரியமுள்ளவர் என்கிறார், அப்புறம் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு என்கிறார். இதில் ஒரு விஷயம் எனக்கு நெஞ்சில் தைத்தது. கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்துக் கொண்டாடுகிற பஸ்கா இரவில் யூதர்கள் பாடுவது 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள், அன்றைக்கும் அதைத்தான் பாடியிருப்பார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். 118ஆம் சங்கீதத்தின் முதல் வசனமும் கடைசி வசனமும் என்ன தெரியுமா? கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது. அப்படியானால் இன்னும் சில மணி நேரத்தில் பிடிபடப்போகிறவர், எல்லோரும் விட்டு ஓடப்போகிறார்கள் என்று தெரிந்தவர், இந்த வரியைப் பாடிவிட்டுத்தான் எழுந்து போனார்.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம். ஏன் 26 தடவை?

136ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்திலும் இரண்டு பாதி. இரண்டாவது பாதி மாறவே மாறாது. முதல் பாதிதான் மாறிக்கொண்டே போகிறது. வானத்தை உண்டாக்கினவர், சூரியனை, சந்திரனை, நட்சத்திரங்களைப் படைத்தவர் என்று ஆரம்பித்து, எகிப்திலிருந்து விடுவித்தது, செங்கடலைப் பிளந்தது, வனாந்தரத்தில் நடத்தியது, வழி மறித்த சீகோன், ஓக் என்கிற ராஜாக்களைத் தோற்கடித்தது, தேசத்தைச் சுதந்தரமாகக் கொடுத்தது என்று வந்து, 23ஆம் வசனத்தில் திடீரென்று பக்கத்தில் வந்து உட்காருகிறது: "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரைத் துதியுங்கள்." அதற்கு இரண்டு வசனம் தள்ளி, மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவர். சூரியனில் ஆரம்பித்த பாட்டு சோற்றில் வந்து முடிகிறது. யூதர்கள் இதைப் பெரிய ஹல்லேல், அதாவது பெரிய துதி, என்று சொல்லி, பஸ்கா இரவில் இன்றைக்கும் வாசிக்கிறார்கள்.

இதை அப்புறம் ஒருநாள் பட்டறையில் வைத்து அண்ணனிடம் சொன்னபோது அவர் கையில் பாதி முடிந்த கொலுசு இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "இது மாதிரின்னு சொல்லுங்க. கண்ணி ஒவ்வொண்ணும் தனித்தனி, ஆனா பத்த வைக்கிறது ஒண்ணுதான். பத்து எங்கயாச்சும் விட்டுப் போச்சுன்னா நடக்கும்போது அத்துட்டு விழுந்துரும்" என்றார். பத்து என்று அவர் சொன்னது கண்ணிகளைச் சேர்க்கிற பற்றவைப்பை. இத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. நடந்ததெல்லாம் தனித்தனிக் கண்ணிகள். பள்ளிக்கூடம் முடித்தது, வேலை கிடைத்தது, வேலை போனது, காய்ச்சலில் கிடந்தது, பிள்ளை பிறந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சிதறிக் கிடக்கும். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு சொல்லும்போதுதான் அது கோர்த்து ஒரு வாழ்க்கையாக நிற்கிறது. ஆகவே சாமிக்குக் கேட்கவில்லை என்று திரும்பச் சொல்வதில்லை. மறந்துபோகிறவர்கள் நாம்தான். 103ஆம் சங்கீதம் அதனால்தான் தன் ஆத்துமாவைப் பார்த்தே பேசுகிறது: "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே."

துதியுங்கள் என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் ஹோது என்று இருக்கிறது. நன்றி சொல்லுங்கள் என்றும் அர்த்தம், ஒப்புக்கொள்ளுங்கள் என்றும் அர்த்தம். எனக்கு இரண்டாவது அர்த்தம் ரொம்பப் பிடிக்கும். இது நானாகச் சம்பாதித்தது இல்லை, உம்மிடமிருந்து வந்தது என்று ஒத்துக்கொள்வது. மனசு நெகிழ்ந்தால்தான் நன்றி என்று நினைத்துக்கொண்டு, நெகிழாத நாளில் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். ஒப்புக்கொள்வதற்கு மனசு நெகிழ வேண்டுமென்று இல்லை, ஞாபகம் இருந்தால் போதும்.

ஞாபகம் எவ்வளவு தூரம் பின்னால் போகவேண்டும் என்பதை நான் ஏற்காட்டில்தான் கற்றுக்கொண்டேன். அப்பா அங்கே ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தார், நாங்கள் வளர்ந்தது அங்கேதான். எங்கள் சின்ன சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தால் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவோம், காப்பிக்கொட்டை ஒரு படி, மிளகு, ஆரஞ்சு, பலாப்பழம், கோழி, வீட்டில் சுட்ட அதிரசம் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும், ஆராதனை முடிந்ததும் ஏலம். பத்து ரூபாய் பூசணிக்காயை இருநூறுக்குக் கேட்டுக் கேட்டு ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை காப்பிக்கொட்டை ஏலத்துக்கு வந்தபோது அப்பா என்னிடம் குனிந்து, "இது எந்த மழைக்குப் பூத்தது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காப்பிச் செடியில் மொட்டு கட்டி நிற்கும், மார்ச் ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் விரியும். பெய்த ஒரு வாரம் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்தப் பூ காயாகிப் பழமாகச் சிவக்க எட்டு ஒன்பது மாசம். பண்டிகையில் நாங்கள் நன்றி சொன்னது, எல்லோரும் மறந்தே போயிருந்த ஒரு சித்திரை மழைக்கு. அப்பாவுக்கு அந்த மழை பெய்த நாள்கூட ஞாபகம் இருந்தது.

நன்றி தப்பாகப் போகிற வழியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இரண்டு பேர் ஜெபிக்கப் போகிறார்கள், மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிற ஒரு பரிசேயன், ஊரே வெறுத்த வரி வசூல்காரனான ஒரு ஆயக்காரன். கவனித்தீர்களா, நன்றி சொல்லி ஜெபிக்கிறவன் பரிசேயன்தான். மற்ற மனுஷரைப்போல நான் இல்லாததால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான், பக்கத்தில் நிற்கிற ஆயக்காரனையும் ஜாடை காட்டிவிடுகிறான். ஆயக்காரன் நன்றியே சொல்லவில்லை, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொள்கிறான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனவன் அவன்தான் என்றார் இயேசு. அடுத்தவனோடு ஒப்பிட்டுச் சொல்கிற நன்றி தேவனிடம் போய்ச் சேர்வதில்லை. "அவங்களுக்கு இருக்கற கஷ்டத்தப் பாத்தா நமக்கெல்லாம் எவ்ளோ கிருபை" என்று நாம் சாதாரணமாகப் பேசுவதில்கூட இதன் வாடை இருக்கிறது.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து புரியவில்லை. சில வருஷம் முன்னால் ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கிக்கொண்டிருந்த அப்பா ஒரு கொண்டை ஊசி வளைவில் சறுக்கி விழுந்தார். தலையில் அடி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் 11 நாள். பிழைத்துக்கொண்டார். அதே வாரம், அதே ஆஸ்பத்திரியில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்காவின் மகன் வேறொரு விபத்தில் அடிபட்டு வந்து இறந்துபோனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நன்றியாகக் கொடுத்த ஸ்தோத்திர காணிக்கையைச் சபையில் வாசித்தார்கள், "தகப்பனாரின் உயிரைக் காத்த கிருபைக்காக" என்று. அந்த அக்கா எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. எங்களுக்குக் கிருபை, அப்போது அவர்களுக்கு?

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லிவிட்டதாக நினைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும். அம்மா செய்ததை மட்டும் சொல்கிறேன். அந்த அக்கா இருக்கிற இடத்தில் அப்பா பிழைத்ததைச் சாட்சியாகச் சொல்வதை அம்மா நிறுத்திவிட்டார். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவார், சில நாள் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போவார். அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று அதே 136ஆம் சங்கீதம். அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் பைபிள் திறந்திருந்தது, வாய் திறக்கவில்லை. 26 தடவையும் அந்த வரியை அவர் சொல்லவில்லை. "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை" என்று போதகர் வாசித்தபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். சபை சேர்ந்து சொல்கிற வரியாக இதை வைத்தது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒருவரால் சொல்ல முடியாத வருஷத்தில் மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேதத்திலும் இப்படி ஒரு நாள் உண்டு. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் இடிந்துபோன ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போடுகிறார்கள், எஸ்றா 3ஆம் அதிகாரம். ஆசாரியர் பூரிகை ஊத, ஆலய ஊழியம் செய்கிற லேவியர் கைத்தாளம் தட்ட, கர்த்தர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது என்று மாறி மாறிப் பாடுகிறார்கள். அங்கே முந்தின ஆலயத்தைக் கண்ணால் பார்த்த முதிர்வயதானவர்கள் இருந்தார்கள். அவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள். மற்றவர்களில் அநேகர் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். எது சந்தோஷச் சத்தம், எது அழுகைச் சத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. அழுதவர்களை யாரும் அதட்டவில்லை, நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பாட்டு.

"அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று காலண்டரிலும் வீட்டுச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். அது புலம்பல் புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. எருசலேம் எரிந்து, தெருவில் பிள்ளைகள் பசியில் மயங்கி விழுந்த காலத்தின் பாட்டு அது. அந்த வசனத்தை எடுத்துக்கொள்கிற யாரும் அதற்கு முன்னால் உள்ள இருபது வசனத்தையும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்றுதான் அதற்கு நேர் முந்தின வசனம் சொல்கிறது. நன்றாக இருக்கிறோம் என்று சொல்லவில்லை, இன்னும் அழிந்துபோகவில்லை என்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்ன செய்யலாம்? நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். 136ஆம் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், முடிந்தால் வீட்டில் இன்னொருவரோடு மாறி மாறி. அப்புறம் ஒரு பேப்பரில் உங்கள் வாழ்க்கைக்கான முதல் பாதிகளை எழுதுங்கள். பொதுவாக "எல்லா நன்மைக்கும்" என்று எழுத வேண்டாம். ஊர், வருஷம், ஆள் என்று எழுதுங்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத அன்றைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர், பரீட்சையில் தோற்றபோது திட்டாத தாத்தா, இப்படி. சின்னது என்று எதையும் தள்ளாதீர்கள், செங்கடலும் சோறும் ஒரே சங்கீதத்தில்தான் இருக்கின்றன. கஷ்டமான வருஷம் வந்தால் தாண்டிப் போகாதீர்கள், அதையும் எழுதுங்கள், அங்கே எழுத ஒன்றும் வரவில்லையென்றால் இடம் விட்டு வையுங்கள்.

போன மாசம் பட்டறைப் பக்கம் போனபோது அண்ணன் கல்லா மேசையைத் திறந்து, வெள்ளி எடை எழுதுகிற சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் பென்சிலால் ஆறேழு வரி. "2020ல பட்டறை மூடிக் கிடந்தப்ப மூணு மாசம் வாடகை கேக்காத வீட்டுக்காரரைக் குடுத்தவர்." "எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியறப்பவே மூத்தவ கல்யாணத்தப் பாக்க வெச்சவர்." மூன்றாவது வரி எழுதி அடித்திருந்தது, அது என்ன என்று நான் கேட்கவில்லை.

"முதல் பாதி மட்டுந்தான் எழுதியிருக்கீங்கண்ணா, ரெண்டாவது பாதி?" என்றேன்.

"அதுதான் அன்னைக்கே மனப்பாடம் ஆயிருச்சே தம்பி" என்று சொல்லிவிட்டுச் சீட்டைத் திரும்ப வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார்.